இருமலும் தீட்டும்

கக்குவான் இருமலைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் தோழர் ஒருவர், "அதெல்லாம் டாக்டருங்க எழுத வேண்டியது, ஒனக்கு என்னாத்துக்கு?" என்றார். எனக்கு இருக்கிறது. யாருடைய மூச்சு யார்மேல் படலாம், யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று காலங்காலமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிற சமூகம் இது. மூச்சு வழியாகப் பரவுகிற ஒரு நோயை இங்கே டாக்டர்கள் கையில் மட்டும் விட்டுவிட முடியாது.

கேள்வி இதுதான். பிறந்து ஆறு வாரம் ஆகாத குழந்தைக்குக் கக்குவான் தடுப்பூசி கிடையாது. நம்முடைய அரசுத் திட்டத்தில் 6, 10, 14 என்று மூன்று வாரங்களில் மூன்று தவணை. முதல் தவணைக்கு முன்னால் அந்தக் குழந்தையைக் காப்பாற்றுவது அதனுடைய உடம்பு அல்ல, அதைச் சுற்றி இருக்கிறவர்களின் உடம்பு. தாய் வயிற்றில் இருக்கும்போது அவளிடமிருந்து வாங்கி வந்தது ஏதாவது இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்படியானால் அந்தக் குழந்தைக்குக் கடன்பட்டவர் யார்? பெத்தவளா, வீடா, ஊரா, வேலை கொடுத்த முதலாளியா, அரசா?

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பார்டெடெல்லா பெர்டுசிஸ் என்கிற கிருமியால் வருவது. 1906இல் பெல்ஜியத்தில் ஜூல் போர்டே, ஆக்டாவ் ஜெங்கூ என்ற இருவர் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். மூச்சுக்குழாயின் உள்ளே மயிர்போல நுண்ணிய இழைகள் இருக்கின்றன. சளியை மேலே தள்ளுகிற வேலை அவற்றுடையது. கிருமி அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டு நஞ்சைக் கக்குகிறது. பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் நீண்ட இருமலாக மட்டும் இருக்கும். வேலைக்குப் போகலாம், சோறாக்கலாம், பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். சீனாவிலும் ஜப்பானிலும் இதற்குப் பெயரே நூறு நாள் இருமல். நாலைந்து வயசுப் பிள்ளைக்கு வந்தால் அடுக்கடுக்காக இருமி, கடைசியில் காற்றை இழுக்கும்போது ஒரு ஊளைச் சத்தம் வரும். கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் ஒரு மாசக் குழந்தைக்கு அந்தச் சத்தம் வராமலே போகலாம். இருமக்கூடத் தெம்பில்லாமல் மூச்சு அப்படியே நின்றுவிடும், உதடு நீலம் பாரிக்கும். ஒரு வயதுக்குள் இந்த நோய் கண்ட குழந்தைகளில் மூன்றில் ஒன்றுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை தேவைப்படுகிறது என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது.

ஒழிந்துபோன நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, கொரோனா அடங்கியபின் அது திரும்பி வந்தது. இங்கிலாந்தில் 2024இல் 14,000க்கும் மேற்பட்டோருக்கு உறுதியானது. பத்துக் கைக்குழந்தைகளாவது செத்தன. சீனாவில் அதே ஆண்டு முதல் இரண்டு மாதத்தில் மட்டும் 32,000 பேருக்கு மேல், 13 சாவு. அமெரிக்காவில் அந்த ஆண்டு 35,000க்கு மேல். அதற்கு முன்னால் 2010இல் கலிபோர்னியாவில் பத்துக் குழந்தைகள் இறந்தபோது அவர்களில் பெரும்பாலோர் ஹிஸ்பானிய வீட்டுக் குழந்தைகள். அங்கே வயல்களில் பழம் பறிக்கிறவர்களும் தட்டுக் கழுவுகிறவர்களும் பெரும்பாலும் அந்தச் சனங்கள்தான். இந்தியாவில் 1987இல் பதிவானது 1 லட்சத்து 63 ஆயிரம், 2011இல் 39 ஆயிரம். தடுப்பூசியால் குறைந்தது என்பது உண்மை. சோதித்துப் பார்த்தால்தான் பதிவாகும் என்பதும் உண்மை.

எங்கள் விருத்தாசலத்தில் யாரும் இருமலைச் சோதித்துப் பார்ப்பதில்லை. செராமிக் ஊர் இது. நெய்வேலிப் பக்கத்துக் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் எல்லாம் அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றி, காய்ந்த பிறகு பிசிறு சீவி, மெருகு முக்கி, சூளையில் வைக்கிறார்கள். பியூஸ் கேரியர், கொலு பொம்மை, அகல் விளக்கு, கல்யாணத்துக்குக் கொடுக்கிற குட்டிப் பிள்ளையார் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன. பிசிறு சீவுகிறதும் வர்ணம் தீட்டுகிறதும் பெண்கள். சீவும்போது பறக்கிற மாவு மூக்கில் போய்க்கொண்டே இருக்கும். இருபது வருஷம் அந்த வேலை பார்த்தவர்களிடம் 'இருமல் இருக்கா' என்று கேட்டால் சிரிப்பார்கள். 'எந்த இருமலக் கேக்குற?' என்பார்கள். கல்தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் என்று பெயர், பிறகு காசநோயும் சேர்ந்துகொள்ளும். இத்தனை இருமல் இருக்கிற இடத்தில் புதிதாக ஒன்று வந்தால் அதற்கு முகம் கிடையாது. 'தூசி இருமல்' என்கிற ஒரே பெயருக்குள் எல்லாம் அடங்கிவிடும். முதலாளிக்கும் அது வசதி, டாக்டருக்கும் வசதி.

என் அக்காவுக்கு 2017 கடைசியில் இரண்டாவது பிள்ளை பிறந்தது. பொம்பளப் புள்ள. முப்பத்தெட்டாம் நாள் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று மூச்சை நிறுத்திக்கொண்டது. முதுகில் தட்டியதும் திரும்ப வந்தது. டவுனில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு 'சளிதான்' என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அன்று ராத்திரி மூன்று முறை நின்றது. அக்கா எனக்குப் போன் செய்து, "தம்பி, புள்ளைக்கு மூச்சு நின்னு நின்னு வருதுடா" என்று மட்டும் சொன்னாள். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பணியில் இருந்தவர் சீட்டைக்கூடப் பார்க்காமல் கேட்ட முதல் கேள்வி, "தடுப்பூசி போட்டியாம்மா?" குழந்தைக்கு முப்பத்தெட்டு நாள். முதல் தவணை நாற்பத்திரண்டாம் நாள். நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்றார். தெருவைச் சொன்னதும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். இதைப் படிக்கிற உங்களுக்கும் தெரியும். ஒன்பதாம் நாள் குழந்தை இறந்தது. வெள்ளை அணுக்கள் பல மடங்கு ஏறி நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விசாரணை ஆரம்பித்தது. 'தீட்டுக் கழியறதுக்குள்ள கம்பெனி வாசப்படி மிதிச்சா, அதான்' என்றாள் ஒரு பெரியம்மா. 'தீட்டுக்காரி எவளோ தொட்டுத் தூக்கியிருக்கா, தோஷம்' என்றது இன்னொரு குரல். கழுதைப் பால் வாங்கி ஊற்றியிருக்கலாம் என்று மாமனார் வீட்டில் சொன்னார்கள். (எங்கள் ஊர்த் தெருக்களில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, கண்ணெதிரில் கறந்து சங்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு சங்குக்கு அவர்கள் வாங்குகிற காசில் அரைப்படி ஆவின் பால் வாங்கலாம். கக்குவானுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.) ஒவ்வொரு விளக்கமும் வேறுவேறாகத் தெரிந்தாலும் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று. குற்றவாளி ஒரு பெண். பெத்தவள், இல்லாவிட்டால் தொட்டவள்.

ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வியும் தெருவில் கேட்ட கேள்வியும் ஒரே கேள்விதான் என்பதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். இரண்டுமே 'யாரிடமிருந்து வந்தது' என்பதையும் 'யார் குற்றம்' என்பதையும் ஒன்றாக்கிவிடுகின்றன. தீட்டு என்கிற கருத்தாக்கத்தின் உயிர்நாடியே இந்தக் குழப்பம்தான். தீட்டில், கொண்டுவருகிறவனே குற்றவாளி. அவன் என்ன செய்தான் என்பது கேள்வி இல்லை. அவன் இருப்பதே போதும். நம் நிழலையும் மூச்சையும் பற்றி எழுதிவைத்தவர்கள் நாம் எதையாவது செய்ததாகச் சொல்லவில்லை, நாம் வந்தோம் என்றுதான் சொன்னார்கள்.

கிருமியின் நியாயம் வேறு. கக்குவானில், கொண்டுவருகிறவரும் நோயாளிதான். கைக்குழந்தைக்கு இது பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அம்மா, அண்ணன், அக்கா, பாட்டி. எங்கள் வீட்டில் என் அம்மா ஒரு மாசமாக இருமிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை, அம்மா எப்போதும் இருமுவதுதான். அம்மா காலையில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுத்தான் கம்பெனிக்குப் போகும். அதில் ஒரு வீட்டில் ஸ்கூல் போகிற பையன் ஐப்பசியிலிருந்து இருமிக்கொண்டிருந்தான். அவனிடமிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க என்னால் முடியாது. நிரூபித்தாலும் அந்தப் பத்து வயசுப் பையன் எதற்குக் குற்றவாளி? அவனுக்கு வேறு எவனோ கொடுத்தது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நோயாளி இருக்கிறார், எங்கேயும் ஒரு பாவி இல்லை. பெரியம்மாவுக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். "அப்பன்னா யாரு மேலயும் தப்பில்லன்றியா?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்கு வருகிறேன்.

அந்தப் பையன் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தனியார் கிளினிக்குகளில் 'வலியில்லாத ஊசி' என்று ஒன்று போடுகிறார்கள். காய்ச்சல் வராது, கால் வீங்காது, விலை அதிகம். கிருமியின் சில பகுதிகளை மட்டும் எடுத்துச் செய்தது அது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவது கொன்ற கிருமியை முழுசாக வைத்துச் செய்தது, 2011 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசியில் சேர்ந்து வருகிறது. ராத்திரி பூரா பிள்ளை அழும், நர்சம்மா பாராசிட்டமால் கொடுத்தனுப்புவார். ஆனால் பாதுகாப்பு அதிக நாள் நிற்பது காய்ச்சல் தருகிற ஊசியில்தான். வலியில்லாததன் சக்தி சில வருஷத்தில் தேய்ந்துபோகிறது. அமெரிக்கா 1990களிலும் இங்கிலாந்து 2004இலும் வலியில்லாததற்கு மாறின. அங்கெல்லாம் கக்குவான் திரும்பி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். 'அழுக்குச் சனங்களிடமிருந்து நோய் வருகிறது' என்று காலனித் தெருவைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். ஏசி அறையில் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளையிடமிருந்து அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கும், அவளிடமிருந்து அவள் பேத்திக்கும் போக முடியும். தீட்டு சாஸ்திரத்தில் இந்தத் திசைக்கு இடமே இல்லை.

தடுப்பூசிக்கே சாதி பார்த்த தேசம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரியம்மைக்கு ஒரு குழந்தையின் கையில் குத்தி, எட்டு நாள் கழித்து அந்தக் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். கையிலிருந்து கைக்கு. அதற்குக் கை கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஏழை, தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். சில்லறைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தக் கையிலிருந்து எடுத்த நீர் தங்கள் பிள்ளையின் உடம்பில் ஏறக் கூடாது என்று மேல்சாதிக்காரர்கள் மறுத்தது பதிவாகியிருக்கிறது. கன்றுக்குட்டியிலிருந்து எடுக்கிற முறை வந்த பிறகு அவர்களுக்கு அந்தச் சங்கடம் தீர்ந்தது. கன்றுக்குட்டி பரவாயில்லை.

கக்குவான் ஊசிக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. 1930களில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸ் ஊரில் பேர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரண்டு பெண்கள், பகல் வேலை முடிந்தபின் வேலையிழந்த தொழிலாளர் வீடுகளுக்குப் போய், இருமுகிற பிள்ளைகளின் வாய்க்கு முன்னால் தட்டைப் பிடித்துக் கிருமியைச் சேகரித்தார்கள். அப்படித்தான் நம்பத்தக்க தடுப்பூசி வந்தது. 1940களில் அவர்களோடு லோனி கார்டன் என்ற கறுப்பினப் பெண் சேர்ந்தார். வேதியியல் படித்தவர். அதற்கு முன் உணவியல் வேலை கேட்டுப் போனபோது, கறுப்புப் பெண்ணின் கீழ் வெள்ளைச் சமையல்காரர்கள் வேலை செய்ய மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். தடுப்பூசியை மேம்படுத்தத் தேவைப்பட்ட வீரியமான கிருமி வகையை, ஆயிரக்கணக்கான தட்டுகளைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் அவர். சமையலறையில் கைபடக் கூடாது என்றார்கள். அந்தக் கை பட்ட மருந்து எத்தனை கோடிப் பிள்ளைகளின் தொடையில் ஏறியிருக்கிறது!

நம்முடைய தோழர்கள் சிலர், தடுப்பூசி என்பது உடல்கள்மீது அரசு செலுத்துகிற அதிகாரம், அதை ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்கிறார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களுக்கு யாரை லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள் என்பது மறந்துபோகவில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதற்கப்புறம் கிராமத்திலேயே ஊசி போடுவதை விட்டுவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால்தான் என்றார்கள். கூலிக்காரி ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து, வரிசையில் நிற்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வில் 2005-06இல் தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் நூற்றுக்கு 81, 2015-16இல் 70. ஊசி போட்டுக்கொள்வதில் முன்னால் நின்ற மாநிலம். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் ஊசி தெருவை விட்டுத் தூரமாகப் போனதும் ஒரு காரணம். 2019-21இல் அது 89க்கு ஏறியது. ஆக, அதிகாரம் என்று நாம் பேசுவது ஊசிக்குள் மட்டும் இல்லை, ஊசி வராமல் போவதிலும் இருக்கிறது. ஊசி வேண்டாம் என்று சொல்கிற சுதந்திரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் கிடைக்கும். காலனியில், ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிற இடத்தில், அந்தத் தத்துவம் செல்லாது.

பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். குற்றம் இல்லாமல் இருக்கலாம், கடன் இருக்கிறது. கடன் யார் மேல் என்றால், நோயைக் கொண்டுவந்தவர் மேல் அல்ல. தடுக்க முடியும் என்று தெரிந்தும், தடுக்கிற வசதி கையில் இருந்தும் செய்யாதவர் மேல். இது பழி சுமத்துவதற்காகச் சொல்வதில்லை. கணக்கு.

கர்ப்பிணிக்கு ஏழாவது மாசத்தை ஒட்டி டிடாப் என்றொரு ஊசி போட்டால், அவள் உடம்பில் உண்டாகிற எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. ஆறு வாரத்து இடைவெளியை அது மூடுகிறது. இங்கிலாந்தில் 2012இல் 14 குழந்தைகள் இறந்த பிறகு அந்த ஆண்டு அக்டோபரில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இலவசமாகத் தொடங்கினார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நோய் வருவது நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்குத் தடுக்கப்பட்டது. நம் நாட்டிலும் மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் இதைப் பரிந்துரைக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்கும். அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிக்கு முன்பு ரணஜன்னிக்கு மட்டும் போட்டார்கள், இப்போது ரணஜன்னியும் தொண்டை அடைப்பானும் சேர்ந்தது போடுகிறார்கள். மூன்றாவதாகக் கக்குவான் அதில் இல்லை. அதாவது ஒரே ஊரில் ஒரே நாளில் பிறக்கிற இரண்டு குழந்தைகளில் ஒன்று கவசத்தோடு பிறக்கிறது, ஒன்று வெறும் உடம்போடு பிறக்கிறது. எந்தக் குழந்தை எந்தத் தெருவில் பிறக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு எட்டு ஒன்பது லட்சம் பிரசவம். கடை விலைக்கே வாங்கினாலும் நூறு கோடி சொச்சம். அரசு மொத்தமாக வாங்கினால் அவ்வளவு ஆகாது. பணம் இல்லை என்று சொல்ல முடியாது, பட்டியலில் சேர்க்க யாருக்கும் அவசரம் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018 முதல் 18,000 ரூபாய் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு தவணை, குழந்தைக்கு மூன்றாவது ஊசி போட்டால்தான். பெத்தவள் தன் கடமையைச் செய்தாளா என்று பார்த்துப் பணம் கொடுக்கிறது அரசு. தன் பங்குக்கு முதல் ஆறு வாரத்துக்கு என்ன கொடுத்தோம் என்று பார்ப்பதில்லை. கம்பெனியோ அதையும் பார்ப்பதில்லை. சட்டத்தில் 26 வாரச் சம்பள விடுப்பு 2017இல் வந்தது. பீஸ் ரேட்டுக்குப் பொம்மை சீவுகிறவளுக்கு அது காகிதம். என் அக்கா முப்பதாம் நாள் வேலைக்குப் போனதற்குக் காரணம் ஆசை இல்லை. அவள் போனதால்தான் இருமுகிற அம்மா அரை நாள் வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிவந்தது.

அம்பேத்கர் நான்கு பிள்ளைகளைச் சின்ன வயசிலேயே பறிகொடுத்தவர். கடைசி மகன் ராஜரத்னா 1926இல் போனான். இரண்டு வருஷம் கழித்து, 1928இல், பம்பாய்ச் சட்டசபையில் பெண் தொழிலாளருக்கான மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அவர் எழுந்து ஆதரித்தார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கொடுப்பது தேசத்தின் நலன், ஆகவே அந்தச் சுமையில் பெரும்பங்கு அரசுடையது, பெண்ணின் உழைப்பில் ஆதாயம் பார்க்கிற முதலாளிக்கும் அதில் பங்கு உண்டு என்பது அவர் வாதம். தாய் ஒழுங்காக நடந்துகொண்டாளா என்று அவர் கேட்கவில்லை. யார் தர வேண்டும், எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டார். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் தூசி என்று விடாமல் காட்ட வேண்டும். சீக்கிரம் கொடுத்தால் அசித்ரோமைசின் மாத்திரை மற்றவர்களுக்குப் பரவுவதை நிறுத்தும். இருமுகிறவர் கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது. இதைத் தீட்டு என்று யாராவது சொன்னால் கோபப்பட வேண்டாம், விளக்கிச் சொல்லலாம். தீட்டு ஒருவரை ஆயுசுக்கும் தள்ளி வைக்கும். இது மூன்று வாரம், பிறகு வந்து கொஞ்சலாம்.

அம்மாவிடம் நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடும், உள்ளே போகாது. போன மாசம் எதிர் வீட்டுப் பெண்ணை ஏழாம் மாசச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனது அம்மாதான். அந்தக் கக்குவான் ஊசி இருக்கிறதா என்று நர்சம்மாவிடம் கேட்டிருக்கிறது. "இங்க வர்றதில்லம்மா, வெளியிலதான் போட்டுக்கணும்" என்றார்களாம். "எப்ப வரும்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறது அம்மா. எழுதிக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தது.